கட்டுப் போடுமுன் இரண்டு கேள்விகள்



சென்ற தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, பங்கு இல்ல வாயிலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். அவருடைய கணவர் கொத்தனார். மயிலாப்பூரில் பழைய வீடொன்றை இடித்து அடுக்குமாடி எழுப்பும் இடத்தில் சாரம் சரிந்ததால் கீழே விழுந்து, வலது முன்கை முறிந்துவிட்டதென்று சொன்னார். “ஆஸ்பத்திரிக்குப் போனா ஆயிரக்கணக்குல கேப்பாங்க சாமி. நாட்டுக்கட்டு போடுற ஒருத்தர் இருக்காரு. கொஞ்சப் பணத்துல முடிஞ்சிடும். அதுக்கு மட்டும் உதவி பண்ணுங்க” என்று கைகூப்பினார். வின்சென்ட் தே பவுல் சபையின் கையிருப்பிலிருந்து அவர் கேட்ட தொகையை எடுத்துக் கொடுத்தோம். ஏழைக்கு உதவினோம் என்ற மனநிறைவோடு அன்றிரவு உறங்கவும் செய்தோம்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர்கள் இல்லத்திற்குச் சென்றோம். அம்மனிதரின் விரல்கள் வீங்கி நீலம் பாய்ந்திருந்தன. தொட்டால் உணர்ச்சி இல்லை என்றார். “கட்டுன்னா அப்படித்தான் இறுக்கமா இருக்கும்னு சொன்னாங்க சாமி” என்று அவரே நமக்கு ஆறுதல் கூறினார். உடனே ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இறுகிய கட்டினுள் வீக்கம் பெருகி, இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சதை நசியத் தொடங்கிவிட்டது என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை நடந்தது. கை பிழைத்தது. ஆனால் இரண்டு விரல்கள் முழுமையாக நீள மறுக்கின்றன. கரணை பிடிக்கும் கை அது என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நம் நெஞ்சை உறுத்துவது அதற்குப் பின் நடந்தது. மருத்துவமனையில் ஆவணங்களைக் கேட்டபோது, அப்பெண்மணி வீட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதனுள் திருமுழுக்குச் சான்றுகள், திருமணச் சான்று, குடும்ப அட்டை ஆகியவற்றின் அடியில் பாலித்தீன் உறையிலிட்ட ஓர் அட்டை இருந்தது. அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை. “யாரோ சொன்னாங்கன்னு வரிசையில நின்னு எடுத்தோம். எதுக்குன்னு தெரியாது சாமி” என்றார். வியாழக்கிழமை மாலை அவர் நம் முன் நின்றபோது, “உங்களிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறதா?” என்று நாம் கேட்டிருந்தால் போதும். நாமோ கேட்கவில்லை, பணத்தைக் கொடுத்தோம். அந்த இறுகிய கட்டுக்கு உரிய விலையை நம் கையாலேயே கொடுத்தோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த உறுத்தல்தான்.

இதற்குச் சில வாரங்களுக்குப் பின், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வேறொரு மனக்குறையோடு நம்மிடம் வந்தார். மகனைக் காண அமெரிக்கா சென்று திரும்பியவர் அவர். அங்கே மகப்பேற்றுக்குப் பின் முதுகுவலியால் துன்புற்ற மருமகளோடு கைரோபிராக்டர் என்னும் முதுகெலும்புச் சிகிச்சையாளரிடம் சென்றிருக்கிறார். “உள்ளே நுழைந்தவுடன் இன்சூரன்ஸ் அட்டையைத்தான் முதலில் கேட்டார்கள், சாமி. எந்தெந்தக் கம்பெனியோடு தங்களுக்கு ஒப்பந்தம் உண்டு, எத்தனை முறைக்குக் கம்பெனி கொடுக்கும், நம் கையிலிருந்து எவ்வளவு என்று எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிட்டார்கள்” என்று வியந்தார். ஊர் திரும்பியபின் தமக்கும் முதுகுவலி வரவே, அதே பெயர்ப் பலகை தொங்கிய ஓரிடத்தைத் தேடிச் சென்றார். “எல்லா இன்சூரன்சும் இங்கே செல்லும்” என்று முகப்பில் இருந்தவர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பிப் பத்து முறைக்கான பணத்தை மொத்தமாகக் கட்டினார். இரண்டாம் முறையிலேயே வலி மிகுந்தது. பின்னர் எடுத்த எக்ஸ்ரேயில், எலும்பு மெலிவினால் முதுகெலும்புக் கண்ணி ஒன்று அமுங்கியிருப்பது தெரிந்தது. அத்தகைய எலும்பை அழுத்தித் திருப்பவே கூடாது. காப்பீட்டு நிறுவனமோ ஒரு ரூபாயும் தர இயலாதென எழுதிவிட்டது. கட்டிய பணமும் திரும்பவில்லை.

கொத்தனார் தமக்கு இருந்ததை அறியவில்லை. ஆசிரியையோ இல்லாததை உண்டென்று நம்பினார். ஒருவர் எழுத்தறியாதவர், மற்றவர் முப்பது ஆண்டுகள் எழுத்தறிவித்தவர். இருவருக்கும் நேர்ந்த துன்பத்தின் வேர் ஒன்றே: உடம்பை ஒருவர் கையில் ஒப்படைக்குமுன் கேட்கவேண்டிய இரண்டு கேள்விகளை இருவரும் கேட்கவில்லை. இந்தக் கை யாருடைய கை? இதற்கான பணத்தை யார் கொடுப்பார்?

இவ்விரு கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்தக் கை யாருடைய கை?

கைரோபிராக்டிக் என்ற சொல்லை ஆக்கித் தந்தவர் ஒரு கிறிஸ்தவப் போதகர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் 1895ஆம் ஆண்டு டி.டி. பால்மர் என்பவர் முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீர்செய்யும் முறையைத் தொடங்கினார். அதற்குப் பெயர் வேண்டுமென்று தம் நண்பரான சாமுவேல் வீட் என்ற போதகரைக் கேட்டார். கிரேக்கம் கற்ற அப்போதகர், ‘கெயிர்’ என்னும் சொல்லையும், செயலைக் குறிக்கும் மற்றொரு சொல்லையும் இணைத்துக் கொடுத்தார். கெயிர் என்றால் கை. நம் தமிழ்க் கையோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே. உரிமம் இல்லாமல் சிகிச்சை செய்தார் என்பதற்காகப் பால்மர் 1906இல் சிறை சென்றதும் உண்டு. பின்னர் அந்நாட்டு மாநிலங்கள் ஒவ்வொன்றாக உரிமச் சட்டம் இயற்றின. 1913இல் கான்சாஸ் தொடங்கியது. 1974இல் லூசியானாவோடு அது நிறைவுற்றது. இன்று அங்கே உரிமம் இன்றி ஒருவர் அப்பெயர்ப் பலகையை மாட்ட முடியாது. ஆசிரியை கண்ட ஒழுங்கு அத்தனை ஆண்டுகளின் விளைவு.

நம் நாட்டில் நிலை வேறு. அலோபதி மருத்துவர்களுக்கு மருத்துவக் கவுன்சில் உண்டு. சித்த மருத்துவர்களுக்கும் பதிவு முறை உண்டு. இயன்முறை மருத்துவர் எனப்படும் பிசியோதெரபிஸ்டுகளும் 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலாளர் சட்டத்தின் வரம்புக்குள் வந்துள்ளனர். கைரோபிராக்டருக்கென்று தனியே சட்டமோ கவுன்சிலோ இந்தியாவில் இல்லை. ஆகவே வெளிநாட்டில் பல ஆண்டுகள் முறையாகப் பயின்றவரும், சில நாட்பயிற்சி பெற்றவரும் ஒரே பெயர்ப் பலகையை மாட்டிக்கொள்ள முடிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில், மருத்துவப் பின்னணி இல்லாத ஒருவர் இத்தொழிலுக்கு வர நான்கு ஆண்டு முழுநேரக் கல்வியும், குறைந்தது 4,200 மணி நேரப் பயிற்சியும் வேண்டும் என்று கூறியிருப்பதை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். “எங்கே படித்தீர்கள்? எத்தனை ஆண்டுகள்? எந்தக் கவுன்சிலில் பதிவு?” என்று பணிவோடு கேட்பது யாருக்கும் அவமரியாதை அன்று. நல்லவர் மகிழ்ந்து விடை சொல்வார்.

நம் மண்ணுக்கே உரிய கைகளும் உண்டு. சென்னையில் எத்திசையில் நடந்தாலும் ‘புத்தூர் கட்டு’ என்னும் பலகை கண்ணில் படும். அந்தப் புத்தூர் ஆந்திர மாநிலத்தில், திருத்தணிக்கு அப்பால் ரேணிகுண்டா செல்லும் இரயில் பாதையில் உள்ளது. அதையடுத்த சிற்றூரில் ராஜு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வருகின்றனர். பச்சிலை, முட்டையின் வெள்ளைக்கரு, துணி, மூங்கில் சிம்பு ஆகிய எளிய பொருள்களே அவர்களுடைய கருவிகள். அங்கே சென்று நலம்பெற்றோர் நம் பங்கிலும் இருக்கின்றனர். ஆயினும் புத்தூரின் பெயரைப் பலகையில் எழுதியோர் அனைவரும் புத்தூரில் பயின்றவர் அல்லர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நாட்டு வைத்தியத்தை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. முறிந்த எலும்பு விலகாமல், தோல் கிழியாமல் இருந்தால், அசையாது வைத்திருந்தாலே உடம்பு அதைத் தானே ஒட்டவைக்கும். மாவுக்கட்டு செய்வதும் மூங்கில் சிம்பு செய்வதும் அவ்வளவில் ஒன்றே. ஆனால் எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்திருந்தாலும், மூட்டுக்குள் முறிவு நேர்ந்திருந்தாலும், குழந்தையின் முழங்கை முறிந்திருந்தாலும், முதியவரின் இடுப்பெலும்பு முறிந்திருந்தாலும் கட்டு மட்டும் போதாது. இவற்றுள் எதுவென்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது, எக்ஸ்ரே வேண்டும். நம் பகுதிக்கு அருகே இராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. கட்டு எங்கே போட்டுக்கொள்வதானாலும், முதலில் அங்கே சென்று படம் எடுத்து மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எந்தக் கட்டுப் போட்டாலும் முதல் மூன்று நாட்கள் விரல்களைக் கவனியுங்கள். விரல் நீலமாகவோ வெளிறியோ போனால், குளிர்ந்தால், மரத்தால், விரலை நீட்டும்போது பொறுக்கவொண்ணாத வலி எழுந்தால், அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள். சதை இரத்தமின்றி உயிர்த்திருக்கும் நேரம் மணிக்கணக்கே ஒழிய நாட்கணக்கு அன்று. இவ்வாறு இறுகி விரல்கள் மடங்கிப்போகும் ஊனத்தை ஃபோக்மன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1881இலேயே விளக்கி எழுதினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அது நம் தெருவில் நிகழ்ந்திருக்கிறது.

முதுகுவலிக்கும் இதுபோன்ற எச்சரிக்கை உண்டு. பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தானே தணியும். நாட்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சி, அறிவுரை ஆகியவற்றோடு, முதுகெலும்பைக் கையால் சீர்செய்யும் முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் ஏற்றுக்கொண்டுள்ளது. எனவே அம்முறையே தவறென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வலியோடு காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவாக இருக்கலாம். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடக்க இயலாது போனாலோ நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இவர்களின் முதுகை மருத்துவர் பார்க்குமுன் எவரும் அழுத்தலாகாது. கழுத்தைச் சட்டெனத் திருகுவதில், அரிதாயினும், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்வதுண்டு. முடிதிருத்தும் கடையில் ‘சொடக்கு’ எடுத்துக்கொள்ளும் ஆடவர்களும் இதைக் கேட்டுக்கொள்வார்களாக.

பணத்தை யார் கொடுப்பார்?

இக்கேள்வியைக் கேட்கப் பலரும் நாணுகின்றனர். உயிர் ஊசலாடும்போது காசைப் பற்றிப் பேசுவதா என்பர். கொத்தனாரின் மனைவி நாட்டுக்கட்டைத் தேடிச் சென்றது அறியாமையால் அன்று, மருத்துவமனைக் கட்டணத்தைப் பற்றிய அச்சத்தால். காசைப் பற்றி வெளிப்படையாகப் பேசாத வீட்டில், காசே மறைவாக இருந்துகொண்டு முடிவெடுக்கிறது.

ஆசிரியை அமெரிக்காவில் கண்டதை முதலில் விளக்குவோம். அங்கே ஒவ்வொரு சிகிச்சையாளரும் சில காப்பீட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்திருப்பார். ஒப்பந்தம் உள்ளவரிடம் சென்றால் நோயாளியின் செலவு குறைவு. இல்லாதவரிடம் சென்றால் மிகுதி. மூத்த குடிமக்களுக்கான மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு 1972ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் கைரோபிராக்டரையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் முதுகெலும்பைக் கையால் சீர்செய்வதற்கு மட்டுமே அது பணம் தரும். அவர் எடுக்கச் சொல்லும் எக்ஸ்ரேக்கும், செய்யும் மசாஜுக்கும் தராது. தரும் இடத்திலும் ஐந்தில் ஒரு பங்கை நோயாளியே ஏற்க வேண்டும். அத்துணை ஒழுங்குள்ள நாட்டிலும் ‘எதற்கு உண்டு, எதற்கு இல்லை’ என்ற கேள்வி தவிர்க்க முடியாதது.

நம் நாட்டுத் தனியார் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியது. பொதுவிதியாக 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். ஒரே நாளில் முடியும் குறிப்பிட்ட சில அறுவை சிகிச்சைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. சென்று திரும்பும் புறநோயாளிச் செலவுக்குத் தனியே கூடுதல் பணம் கட்டி வாங்கிய பாலிசி இருந்தாலன்றி, முதுகு நீவியதற்கும் கட்டுப் போட்டதற்கும் நிறுவனம் பணம் தராது. ஆசிரியையின் விண்ணப்பம் தள்ளப்பட்டது இதனால்தான். சித்த, ஆயுர்வேத மருத்துவத்தை அலோபதிக்கு இணையாக நடத்தும்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்களைப் பணித்துள்ளது. ஆனால் அங்கும் தகுதி பெற்ற மருத்துவரும், ஏற்பு பெற்ற மருத்துவமனையும் வேண்டும். 2005இல் திறக்கப்பட்ட தாம்பரம் சானடோரியத்து தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் சேர்ந்து பெறும் சிகிச்சை வேறு. தெருமுனைக் கட்டு வேறு.

தனியார் பாலிசி உடையோர்க்கு மேலும் சில குறிப்புகள். புதிதாக எடுத்த பாலிசியில் நோய்க்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு. விபத்துக்கு அது பொருந்தாது. ஆகவே விழுந்து முறிந்த எலும்புக்கு முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. முதுகுத் தண்டின் வட்டு விலகல், மூட்டு மாற்றம் போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் இரண்டாண்டுக் காத்திருப்பு இருக்கும். மருத்துவமனையில் சேர்ந்த சிகிச்சைக்குப் பின் மருத்துவர் எழுதித்தரும் இயன்முறைப் பயிற்சியின் செலவைக் குறிப்பிட்ட நாட்கள்வரை பல பாலிசிகள் ஏற்கும், கேட்டுப் பெறுங்கள். முன்பணமின்றிச் சிகிச்சை பெறும் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும்போது மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் விடை தர வேண்டுமென்று ஆணையம் 2024 மே மாதம் உத்தரவிட்டது. நிறுவனம் தவறாக மறுத்தாலோ, முறையிட்டு ஒரு மாதமாகியும் விடை தராவிட்டாலோ, தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு ஓராண்டுக்குள் எழுதலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.

இனி, தகரப் பெட்டியின் அடியில் கிடந்த அந்த அட்டைக்கு வருவோம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தமிழகத்தில் தொடங்கிய முயற்சி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை அதில் பாதுகாப்பு உண்டு. 2022இல் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குச் சென்றால் அட்டை கிடைக்கும். குடும்ப அட்டையில் பெயர் உள்ளவர்க்கே உரிமை என்பதால், புது மருமகள் பெயரையும் பிறந்த குழந்தையின் பெயரையும் காலம் தாழ்த்தாது சேர்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. திட்டத்தின் பட்டியலில் ஒரு மருத்துவமனை இருப்பதாலேயே அங்கு எல்லாச் சிகிச்சைக்கும் அட்டை செல்லும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு மருத்துவமனையும் குறிப்பிட்ட துறைகளுக்கே பட்டியலிடப்படுகிறது. இருதயத்துக்கு உள்ள இடம் எலும்புக்கு இல்லாதிருக்கலாம். எனவே, “முதலமைச்சர் அட்டை செல்லுமா?” என்று மட்டும் கேளாமல், “இந்த அறுவைக்கு, இந்த மருத்துவமனையில் செல்லுமா?” என்று கேளுங்கள். முகப்பில் இருப்பவரை விடுத்து, காப்பீட்டுத் திட்டத்துக்கென்றே அங்கு அமர்ந்திருக்கும் அலுவலரிடம் கேளுங்கள். எளிய மாவுக்கட்டுக்கு இந்த அட்டையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையே போதும்.

இன்னும் இரண்டு வாசல்கள் உண்டு. சாலை விபத்தாயின், ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ என்ற தமிழக அரசின் திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழக எல்லைக்குள் விபத்துக்குள்ளானவர் எந்த ஊராராயினும், எவ்வளவு வருமானம் உடையவராயினும், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம். தொடக்கத்தில் அதற்கு ஓர் இலட்சம் ரூபாய் வரம்பு வைக்கப்பட்டது. அடுத்து, ஆலைகளிலும் கடைகளிலும் பணிபுரிவோர்க்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. 2017 ஜனவரியில் அதன் ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தும், கலைஞர் கருணாநிதி நகரில் உள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையின் வாயிலை மிதியாத குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. வேலையிடத்தில் நேர்ந்த காயத்துக்கு ஈட்டுத்தொகை கொடுக்க வேலை கொடுத்தவர் கடமைப்பட்டவர் என்பதும் 1923 முதலே நம் நாட்டுச் சட்டம் ஏற்ற நெறி. கொத்தனாருக்கு இதையும் நாம் சொல்லவில்லை.

நல்ல சமாரியன் உவமையை நாம் எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினான் என்பதை விரிவாகச் சொல்வோம். அடுத்து வருவதை விரைந்து கடந்துவிடுவோம். காயத்தைக் கட்டியதோடு அவன் நிற்கவில்லை. நம்பத்தகுந்த இடத்துக்குக் கொண்டு சென்றான். மறுநாள் சத்திரக்காரனோடு கணக்குப் பேசினான். இரண்டு தெனாரியம் கொடுத்தான். மேற்கொண்டு செலவானால் யார் பொறுப்பு என்பதையும் தீர்த்துவிட்டே புறப்பட்டான். யார் கையில் ஒப்படைப்பது, யார் பணம் கொடுப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவன் விடை தேடியிருக்கிறான். நாமோ இரண்டு தெனாரியத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோம்.

ஆகவே நம் பங்கில் ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறன்று இரண்டாம் திருப்பலிக்குப் பின், கோவில் முற்றத்தில் ஒரு மேசை போடப்படும். இளைஞர் மன்றத்தைச் சேர்ந்த இருவர் அமர்ந்திருப்பர். உங்கள் அட்டை செல்லுபடியாகிறதா, யார் யார் பெயர் அதில் உள்ளது, எலும்பு சிகிச்சைக்கு அருகே எந்த மருத்துவமனை பட்டியலில் உள்ளது என்பதைப் பார்த்துச் சொல்வர். பட்டியல் அவ்வப்போது மாறுவதால் அறிவிப்புப் பலகையிலும் அது புதுப்பிக்கப்படும். உதவி கேட்டு வருவோரிடம் வின்சென்ட் தே பவுல் சபையினர் முதலில் அட்டையைப் பற்றிக் கேட்பர். அது உதவி மறுப்பதற்கான சாக்கு அன்று. பெரிய உதவி எங்கே இருக்கிறதென்று கண்டறிவதற்கான வழி. பிற பங்குகளிலும் இவ்வாறு செய்ய இயலும். இதற்குச் செலவென்று ஏதுமில்லை.

ஆசிரியை நடந்ததையெல்லாம் தேதிவாரியாக எழுதி, பற்றுச்சீட்டுகளோடு அந்தச் சிகிச்சை நிலையத்தாரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். விடை வந்தபாடில்லை. “வராவிட்டாலும் போகட்டும், சாமி. அடுத்தவர் ஏமாறக் கூடாது” என்று சொல்லி, மேசையில் அமர முதலில் பெயர் கொடுத்தவரும் அவரே. இளைஞர்களுக்குப் பாலிசித் தாளைப் படிக்கக் கற்றுத்தருகிறார்.

கொத்தனார் மீண்டும் வேலைக்குச் செல்கிறார். முன்போல் பூச்சு வேலை செய்ய இயலவில்லை, மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூலி குறைவு. சென்ற வாரம் அவ்வழியே செல்கையில், புதிதாக வந்த இளைஞன் ஒருவனிடம் அவர் பேசிக்கொண்டிருப்பது நம் செவியில் விழுந்தது. “சாரத்துல ஏறுறதுக்கு முன்னாடி சொல்லு தம்பி, உன் வீட்டுல கார்டு இருக்கா?” என்று கேட்டார். நாம் கேட்கத் தவறிய கேள்வி அது.

இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும், உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். இறைவன் உங்கள் இல்லங்களைக் காப்பாராக.